மெகாஹெர்ட்ஸ் மாயை

மெகாஹெர்ட்ஸ் மாயை என்பது கணினிச் செயலிகளின் திறனை அவற்றின் கடிகார வேகத்தை மட்டும் கொண்டு ஒப்பிடும் தவறான வழக்கத்தைக் குறிக்கும். செயலியின் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதே கடிகார வேகம் ஆகும். 3 கிகாஹெர்ட்ஸ் செயலியில் நொடிக்கு 300 கோடி துடிப்புகள். ஆனால் ஒரு துடிப்பில் முடியும் வேலையின் அளவு செயலிக்குச் செயலி மாறுபடும். கிணற்றில் நீர் இறைக்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை முறை வாளி மேலே வருகிறது என்பதை மட்டும் எண்ணித் தொட்டி எப்போது நிறையும் எனக் கூற முடியாது. வாளியின் கொள்ளளவும் தெரிய வேண்டும்.

இக்குழப்பம் தனிநபர்க் கணினி தோன்றிய காலத்திலேயே இருந்தது. 1977-இல் வெளிவந்த ஆப்பிள் II கணினியின் 6502 செயலி ஏறத்தாழ 1 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. 1981-இல் வந்த ஐபிஎம் கணினியின் இன்டெல் 8088 செயலிக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ். எண்ணைப் பார்த்தால் ஐந்து மடங்கு நெருங்குகிறது. எனினும் நினைவகத்திலிருந்து ஒரு பைட்டைப் பெற 6502-க்கு ஒரு துடிப்பு போதும். 8088-க்கு நான்கு துடிப்புகள் தேவை. ஆகவே அந்த வேலையில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பென்டியம் 4

இம்மாயை உச்சத்தை அடைந்தது பென்டியம் 4 காலத்தில்தான். 2000 நவம்பரில் 1.4, 1.5 கிகாஹெர்ட்ஸ் வேகங்களில் இன்டெல் இதை வெளியிட்டது. ஒவ்வொரு கட்டளையும் சிறு சிறு படிகளாகப் பிரிக்கப்பட்டு, பைப்லைன் எனப்படும் வரிசையில் நகர்கிறது. பென்டியம் III-இல் ஏறத்தாழ 10 ஆக இருந்த படிகள் பென்டியம் 4-இல் 20 ஆயின. படி சிறியதானால் கடிகாரத்தை விரைவாக ஓட்டலாம். ஆனால் நிரல் எந்தப் பக்கம் கிளைக்கும் என்ற செயலியின் ஊகம் தவறினால், வரிசையில் உள்ளவற்றைத் தள்ளிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வரிசை நீண்டால் இழப்பும் கூடும். இதனால் சில நிரல்களில் 1 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் III-ஐ விஞ்சவே அது திணறியது.

போட்டியாளரான ஏஎம்டி 2001-இல் தன் அத்லான் எக்ஸ்பி செயலிகளுக்கு வேகத்தைப் பெயராக வைக்காமல் மாதிரி எண் இட்டது. 1800+ என்ற செயலியின் உண்மையான வேகம் 1.53 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே. தன் சரக்குக்குத் தானே மதிப்பெண் இட்டுக்கொள்வது போன்றதுதான் இது. ஆனாலும் முற்றிலும் பொருத்தமற்றது எனக் கூற முடியாது.

வெப்பம் இன்டெலைத் தடுத்து நிறுத்தியது. 2004-இல் வந்த பிரெஸ்காட் வகையில் படிகள் 31 ஆயின. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 திட்டம் அவ்வாண்டு அக்டோபரில் கைவிடப்பட்டது. 2006 சூலையில் வந்த கோர் 2 டியோ 14 படிகளுடன், 2 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய வேகத்திலேயே, 3 கிகாஹெர்ட்ஸைத் தாண்டிய பென்டியம் 4 செயலிகளைப் பின்தள்ளியது.

பிற்கால ஒப்பீடு

பின்னர் கோர்களின் எண்ணிக்கை அதே மாயையை உண்டாக்கியது. 2011-இல் எட்டு கோர் என விற்கப்பட்ட ஏஎம்டி எஃப்எக்ஸ் செயலிகளில், இரண்டிரண்டு கோர்கள் ஒரு தசமக் கணக்கீட்டுப் பகுதியைப் பகிர்ந்துகொண்டன. இதை எதிர்த்து அமெரிக்காவில் தொடரப்பட்ட வழக்கு 2019-இல் 1.21 கோடி டாலர் இழப்பீட்டுடன் சமரசமானது. 2022-இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, தன் உடன்பிறப்பான 5800எக்ஸை விடக் கடிகார வேகத்தில் குறைந்தது. ஆனால் 96 எம்பி இடைநினைவகம் இருந்ததால் பல விளையாட்டுகளில் அதை முந்தியது. காணொளி மாற்றும் பணியில் அந்த மேன்மை கிடைப்பதில்லை. எனவே, செய்யவிருக்கும் வேலையையே இரண்டிலும் ஓட்டி நேரம் பார்ப்பதே நம்பத்தக்க ஒப்பீடு.

ஒரே வடிவமைப்பைச் சேர்ந்த இரு செயலிகளிடையே கடிகார வேகத்தை ஒப்பிடுவதில் தவறில்லை. தலைமுறை மாறினால் பெயரும் கைகொடுக்காது. 2017-இன் ஐ5-7400 செயலியின் அடிப்படை வேகம் 3.0 கிகாஹெர்ட்ஸ், நான்கு கோர்கள். 2022-இன் ஐ5-12400-க்கு அடிப்படை வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ்தான். ஆயினும் ஆறு கோர்களும், தேவைப்படும்போது 4.4 கிகாஹெர்ட்ஸ் வரை உயரும் திறனும் கொண்ட இதுவே வேகமானது.