மருத்துவக் காப்பீடு: தொகையைப் பார்க்குமுன் நிபந்தனையைப் பாருங்கள்

நோயாளி குணமடைந்து வீடு திரும்பும் நாளில்தான் பலருக்குத் தாம் வாங்கிய பாலிசியின் உண்மை நிலை தெரியவருகிறது. ஐந்து லட்ச ரூபாய்க்குக் காப்பீடு இருக்கிறதென்று நம்பியிருந்த குடும்பம், பில்லில் பெரும்பகுதியைக் கட்ட நகையை அடகு வைக்க நேரிடுகிறது.

காப்பீடு மார்க்கத்தில் கூடுமா என்ற வினா நம் இல்லங்களில் முதலில் எழுவது இயல்பே. 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, வணிகக் காப்பீட்டை மறுத்து, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்பீட்டை ஏற்றது. நிர்ப்பந்த நிலை குறித்து ஆலிம்களிடையே வேறுபட்ட கருத்துகள் உண்டு. தாங்கள் நம்பும் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நலம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்குத் தமிழக முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதற்குப் பிரீமியத்தை அரசே செலுத்துகிறது. தகுதியிருந்தும் அட்டை வாங்காதிருப்போர் முதலில் அதனை வாங்கிக்கொள்ள வேண்டும்.

தனியார் பாலிசி வாங்குவோர் முதலில் பார்க்க வேண்டியது அறை வாடகை வரம்பு. ஐந்து லட்ச ரூபாய் பாலிசியில் நாள் வாடகை ஒரு சதவிகிதம், அதாவது 5,000 ரூபாய் என்று வரம்பிருக்கிறதென வைத்துக்கொள்வோம். நோயாளி 10,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் தங்கினால், வாடகையில் 25,000 ரூபாய் நம் தலையில் விழும். அதோடு முடிந்துவிடாது. அறுவை மருத்துவர், மயக்க மருத்துவர், அறுவை அரங்கம் ஆகியவற்றின் கட்டணம் இரண்டு லட்சம் என்றால், அதிலும் பாதியையே நிறுவனம் தரும். அறைக்கேற்பக் கட்டணமும் உயரும் என்பது அவர்கள் கூறும் நியாயம். ஆக, 1,25,000 ரூபாய் கைப்பணம்! மருந்து, உடலில் பொருத்தும் கருவிகள், பரிசோதனைகள் ஆகியவற்றில் இவ்வாறு விகிதப்படி கழிக்கலாகாது என்பது ஓர் ஆறுதல். பிரீமியம் சற்றுக் கூடினாலும் அறை வரம்பில்லாத பாலிசியே மேல் என்பது எம் கருத்து.

அடுத்தது, உண்மையைச் சொல்லுதல். "சர்க்கரை இருப்பதை எழுத வேண்டாம், பிரீமியம் ஏறிவிடும்" என்று சில முகவர்கள் கூறுவதுண்டு. அந்தப் பேச்சுக்கு இணங்கலாகாது. படிவத்தில் கையொப்பமிடுபவர் நாமேயன்றி முகவர் அல்லர். மறைத்த நோய் பின்னர் தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம், பாலிசியே இரத்தாகலாம். சொல்லிவிட்டாலோ, ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி 36 மாதங்களுக்கு மிகலாகாது.

வளைகுடாவில் பணிபுரிவோருக்கு அங்கே முதலாளி தரும் காப்பீடு, பொதுவாக ஊரிலுள்ள உம்மா வாப்பாவுக்குப் பயன்படாது. அவர்களுக்குத் தனிப் பாலிசி எடுப்பதே நன்று. ஒரே குடும்பப் பாலிசியில் சேர்த்தால், மூத்தவரின் வயதை வைத்தே பிரீமியம் கணக்கிடப்படும். ஒருவரின் சிகிச்சையிலேயே எல்லோருக்குமான தொகையும் கரைந்துவிடக்கூடும். முதியோர் பாலிசிகள் பலவற்றில் செலவில் ஒரு பங்கை நாமே ஏற்க வேண்டுமென்ற நிபந்தனையும் உண்டு. அது எத்தனை சதவிகிதம் என்று கேளுங்கள். பிரசவச் செலவு உண்டா என்பதையும் இளந்தம்பதியர் விசாரிக்க வேண்டும்.

ரொக்கமில்லாச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளின் பட்டியலில் சென்னைப் பெயர்கள் நிறைய இருக்கலாம். கீழக்கரைவாசிக்கு வேண்டியது இராமநாதபுரமும் மதுரையும் அன்றோ?

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்பப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீக்கப்பட்டுள்ளது. முகவர் சொல்லும் தொகையில் அந்த வரி சேர்ந்திருந்தால் காரணம் கேளுங்கள்.

பாலிசி கைக்கு வந்தபின் அதனை நிதானமாகப் படிக்க 30 நாள் அவகாசம் உண்டு. பிடிக்காவிட்டால் அதற்குள் திருப்பித் தரலாம். இழப்பீடு மறுக்கப்பட்டால், முதலில் நிறுவனத்திற்கு எழுத்து மூலம் முறையிடுங்கள். பயனில்லையெனில் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.