பாயும் பனியாறு வளர்ந்த பனியாறு அல்ல

லடாக்கின் வடகோடியில், காரகோர மலைத்தொடரில், ஷயோக் ஆற்றின் மேல் பள்ளத்தாக்கில் குமதான் பனியாறுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான சோங் குமதான், 1920-களில் முன்னேறி வந்து ஆற்றை மறித்தது. பனிக்கட்டியே அணையாகிப் பின்னால் ஏரி தேங்கியது. 1929 ஆகஸ்டில் அது உடைந்து, வெள்ளம் சிந்து நதி வழியாக அட்டோக் வரை போனது. இத்தகைய முன்னேற்றத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதில்தான் இன்றும் குழப்பம். பாய்ச்சல் வகைப் பனியாறுகள் பல பத்தாண்டுகள் சோம்பிக் கிடந்து மேற்பகுதியில் பனியைச் சேர்த்து வைக்கும். பிறகு தரையோடு இருந்த பிடி நழுவி, சில மாதங்களிலோ ஆண்டுகளிலோ அந்தச் சேமிப்பு கீழே இறங்கிவிடும். பாகிஸ்தான் பக்கமுள்ள குத்தியா பனியாறு 1953-ல் மூன்றே மாதத்தில் சுமார் 12 கி.மீ. ஓடியதாகப் பதிவு. மேல் கிடங்குச் சரக்கைக் கீழ்க் கடைக்கு மாற்றிவிட்டு, இருப்பு கூடியதாக எந்த வியாபாரியும் எழுதுவதில்லை.

‘காரகோரத்தில் பனியாறுகள் முன்னேறுகின்றனவே, பூமி எங்கே சூடாகிறது?’ என்று கேட்பவர்கள் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு. 2005-ல் பனியாற்று ஆய்வாளர் கென்னத் ஹெவிட் சுட்டிக்காட்டியதுபோல, அங்கே பல பனியாறுகள் இமயத்தின் பிற பகுதிகள் அளவுக்குத் தேயவில்லை. ஆனால் அதை நுனியை வைத்துச் சொல்ல முடியாது, முழு உடம்பையும் அளக்க வேண்டும். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடம் ரேடாரால் எடுத்த உயர அளவுகளைப் பிந்தைய அளவுகளோடு ஒப்பிட்டால், பாய்ந்த பனியாற்றின் மேற்பகுதி தாழ்ந்தும் நுனிப்பக்கம் உப்பியும் இருப்பது தெரியும். மேற்பரப்பெங்கும் வெடிப்புகள். ஓரங்களில் பனி கிழிந்த தடம். கிளைகள் சுமந்துவந்த கல்-மண் வரிகளும் நேராக ஓடாமல் வளைந்து வளைந்து கண்ணிகளாகக் கிடக்கும்.

பாய்ச்சல் பனியாறுகள் எத்தனை இருந்துவிடப் போகின்றன என்று ஒதுக்கவும் முடியாது. உயர்மலை ஆசியாவில் 2000 முதல் 2018 வரையான தரவுகளைக் கொண்டு 666 பாய்ச்சல் பனியாறுகளை 2022-ல் வெளியான ஓர் ஆய்வு அடையாளம் கண்டது. எண்ணிக்கை சிறிது, பரப்போ அப்பகுதிப் பனியாறுகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. செயற்கைக்கோள் இருக்கும்போது பட்டியல் தானாக வந்துவிடாதா என்றால், வராது. லேண்ட்சாட் படங்கள் 1972-லிருந்துதான் உண்டு. ஒரு பனியாற்றின் உறக்கம் அதைவிட நீளலாம். ஆகவே சர்வே ஆஃப் இந்தியாவின் கென்னத் மேசன் போன்றோர் குமதானைப் பற்றி எழுதிய பழைய குறிப்புகளும் பட்டியலுக்குச் சான்றுதான். பட்டியல் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம்: பாகிஸ்தான் பக்கம் ஹுன்ஸாவின் ஷிஷ்பர் பனியாறு 2018-ல் பாய்ந்து நீரைத் தேக்கியது. அங்கிருந்து வந்த 2022 மே மாத வெள்ளம் காரகோர நெடுஞ்சாலையின் ஹசனாபாத் பாலத்தையே கொண்டுபோனது. நம் பக்கம் ஷயோக்கை ஒட்டித்தான் எல்லையோரத் தவ்லத் பெக் ஓல்டிக்குச் சாலை போகிறது. அங்கே பாலம் கட்டுகிறவர்கள் பட்டியலில் பெயரில்லாத பனியாற்றையும் ‘அமைதியானது’ என்று குறிக்காமல், ‘இன்னும் பார்க்கவில்லை’ என்றே குறிக்க வேண்டும்.