டர்போ இருக்கட்டும்... இன்ஜின் எது தம்பி?

ஈ.சி.ஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி, காலாப்பட்டைக் கடந்து புதுச்சேரிப் பக்கமாகப் போனால் பொம்மையார்பாளையம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே ரோட்டோரம் டீ குடிக்க நின்றால், சென்னையிலிருந்து பறந்து வரும் கார்களைச் சத்தத்தை வைத்தே தரம் பிரிக்கிற பையன்களைப் பார்க்கலாம். 'உஸ்ஸ்ஸ்' என்று பெருமூச்சு விட்டபடி ஒரு வண்டி போனால் போதும். தலையைக் கூடத் திருப்பாமல், "டர்போண்ணே!" என்கிறார்கள்.

அதில் ஒரு தம்பிக்கு ஆசை முற்றிவிட்டது. "பழைய எஸ்டீம் ஒண்ணு சல்லிசா வருது சார். டர்போ மாட்டிடலாமா?"

பக்கத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கும் அவருடைய மாமா. கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த இன்ஜின் தாங்குமாடா? ஸ்பேர் எங்க கிடைக்கும்? நட்டநடுவுல நின்னா எவன் பிரிப்பான்?"

மூன்றே கேள்வி. இன்ஜினீயரிங் காலேஜில் நாலு வருஷம் சொல்லித் தருவதில் பாதி இதில் வந்துவிட்டது!

போட்டுக்கு இன்ஜின் வாங்குகிறவர்கள் குதிரைசக்தியை மட்டும் பார்த்து மயங்க மாட்டார்கள். கரையில் பக்கத்து போட்டிலும் அதே இன்ஜின் ஓடுகிறதா, மணலில் இழுத்து ஏற்றுகிற எடைதானா, உப்புக்காற்றில் நாலு வருஷம் நிற்குமா என்று பார்ப்பார்கள். கடலுக்குள் நின்றுபோனால் இறங்கித் தள்ள முடியாதே!

சரி, டர்போ என்றால் என்ன? சைலன்சர் வழியாக வீணாகப் போகிற சூடான புகையை ஒரு குட்டிக் காற்றாடி மேல் அடிக்க விடுகிறார்கள். அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி. அது வெளிக்காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் திணிக்கிறது. ஒரு கிலோ பெட்ரோல் ஒழுங்காக எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். பெட்ரோலை எவ்வளவு வேண்டுமானாலும் ஊற்றலாம், காற்றுக்குத்தான் பஞ்சம். அந்தப் பஞ்சத்தைத் தீர்க்க ஆல்ஃபிரட் பியூக்கி என்ற சுவிஸ்காரர் 1905-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றையும் தாண்டிச் சுற்றுகிற சாமான் அது. (இன்றைக்கு நம் அரசு பஸ்ஸிலும் டர்போ உண்டு. அதை மட்டும் ஏனோ எந்தப் பையனும் திரும்பிப் பார்ப்பதில்லை.)

சிக்கல் இங்கேதான். அமுக்கின காற்று சூடாகும். ஏற்கெனவே சிலிண்டருக்குள் நன்றாக அமுக்குகிற இன்ஜினில் அதைத் திணித்தால், பெட்ரோல் ஒழுங்காக எரியாமல் படீரென்று வெடிக்கும். மெக்கானிக்குகள் 'நாக்கிங்' என்பார்கள். முதலில் 'கிளிங் கிளிங்' என்று கொலுசுச் சத்தம். கவனிக்காமல் மிதித்தால் பிஸ்டன் தலையில் ஓட்டை, வளைந்த கனெக்டிங் ராடு, புகைந்த ஹெட் கேஸ்கட். அப்புறம் லாரியில் ஏற்றி ஊர் திரும்ப வேண்டியதுதான்.

கார் கம்பெனிகளே இதில் மாட்டியிருக்கின்றன. 1962-ல் அமெரிக்காவில் 'ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர்' என்று ஒரு டர்போ கார் வந்தது. கம்ப்ரஷனைக் குறைக்க மனசில்லாமல் 10.25-ஆகவே வைத்துவிட்டார்கள். வெடிக்காமல் இருக்க, மெத்தனாலும் தண்ணீரும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டப்பாவில் ஊற்றச் சொன்னார்கள். அதற்கு 'டர்போ ராக்கெட் ஃப்ளூயிட்' என்று தடபுடலாக ஒரு பெயர் வேறு! வாங்கினவர்கள் ஊற்ற மறந்தார்கள். கடைசியில் கம்பெனியே பல கார்களில் டர்போவைக் கழற்றிவிட்டு, சாதா கார்ப்பரேட்டரை மாட்டிக் கொடுத்தது.

ஜெர்மனியில் பி.எம்.டபிள்யூ. வேறு மாதிரி போனது. 1960-களின் தொடக்கத்தில் குடும்பக் காருக்காகச் செய்த நாலு சிலிண்டர் இன்ஜின் அவர்களிடம் இருந்தது. கனமான வார்ப்பிரும்பு பிளாக். முதலில் வெறும் 80 குதிரைசக்தி. 1973-ல் அதே குடும்பத்து இன்ஜினில் கம்ப்ரஷனை 6.9-க்கு இறக்கி, டர்போ மாட்டி, 170 குதிரைசக்தியோடு '2002 டர்போ' என்று தெருவில் விட்டார்கள். முன்பக்க ஸ்பாய்லரில் 'டர்போ' என்பதைத் தலைகீழாக, ஆம்புலன்ஸ் மாதிரி கண்ணாடி எழுத்தில் எழுதிவைத்தார்கள். முன்னால் போகிறவன் கண்ணாடியில் படித்து ஒதுங்க வேண்டுமாம். என்ன திமிர் பாருங்கள்! ஊரே கூச்சல் போட்டது. கூடவே எண்ணெய் நெருக்கடியும் வர, 1,672 கார்களோடு கடையைக் கட்டினார்கள்.

இன்ஜின் மட்டும் சாகவில்லை. அந்த இரும்பு பிளாக்கை அடிப்படையாக வைத்துச் செய்த ஒன்றரை லிட்டர் டர்போதான் 1983-ல் நெல்சன் பிக்கேவுக்கு ஃபார்முலா ஒன் பட்டத்தை வாங்கித் தந்தது. ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடிக் களைத்த பழைய பிளாக்குகளையே தேடி எடுத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. சூடும் குளிருமாக அடிபட்டுப் பதமான இரும்பு இனி வளையாது என்பது நம்பிக்கை. நம்ம ஊர் லேத்துக்காரர் யாரைக் கேட்டாலும் தலையாட்டுவார்.

இப்போது தம்பியின் எஸ்டீமுக்கு வருவோம். 1994-ல் வந்த கார். 1298 சி.சி. ஆரம்பத்தில் 65, பிறகு பெட்ரோலை ஊசி வழியாகப் பீய்ச்சுகிற மாடலில் 85 குதிரைசக்தி. ஜிப்ஸியிலும் நெருங்கிய உறவுக்கார இன்ஜின்தான். ராலி ஓட்டினவர்களின் செல்லப்பிள்ளை. எடை குறைவு, பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் நிறைய. மாமாவின் கடைசி இரண்டு கேள்வியில் பாஸ். முதல் கேள்வியில்தான் இடிக்கிறது. அந்த பிஸ்டனும் ராடும் டர்போவுக்காகச் செய்ததல்ல. ஃபோர்ஜ்டு பிஸ்டன், நல்ல ராடு, பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் புதுசாகக் கணக்குப் போடுகிற கம்ப்யூட்டர், இன்டர்கூலர், பெரிய ரேடியேட்டர், கிளட்ச்... கணக்கு நீள்கிறது. பிரேக்கை இன்னும் சொல்லவே இல்லை.

கம்பெனியே டர்போ மாட்டிக் கொடுத்ததை வாங்கலாம். ஃபியட்டின் 1.4 டி-ஜெட் நல்ல உதாரணம். இரும்பு பிளாக். 2010-ல் லீனியாவில் 114 குதிரைசக்தி. அதே இன்ஜினை 2015-ல் அபார்த் புன்ட்டோவில் 145-ஆக விற்றார்கள். தாங்கும் என்று கம்பெனியே எழுதிக் கொடுத்த மாதிரி! ஆனால் ஃபியட் கார்கள் இந்தியாவில் நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. சின்ன சென்சார் போனாலும் ஸ்பேருக்கு ஊர் ஊராகப் போன் போட வேண்டும். போலோவில் வந்த ஒரு லிட்டர் டி.எஸ்.ஐ. இரும்பு இல்லை, அலுமினியம். இருந்தாலும் போலோ 2022-ல் நின்ற பிறகும் அந்தக் குடும்பத்து இன்ஜின் விர்ட்டஸிலும் ஸ்லாவியாவிலும் ஓடுகிறது. ஸ்பேருக்குக் கவலை குறைவு. என்னைக் கேட்டால் தெருவில் ஓட்டுவதற்கு இதுவே போதும். காசை டயருக்கும் பிரேக்குக்கும் போடலாம். 'அண்ணே, எஸ்டீம்ல மாட்டினாத்தானே கெத்து' என்றால், கெத்துக்கு ரசீது கிடையாது.

ஆர்.டி.ஓ. ரசீது மட்டும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத் திருத்தத்தின்படி, சட்டம் அனுமதிக்காத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ். சொல்லாமல் டர்போ மாட்டின வண்டி, மீன்கூடையோடு ரோட்டைக் கடக்கிற ஒரு அம்மா மேல் மோதினால், கம்பெனி முதலில் பானெட்டைத் திறந்துதான் பார்க்கும். அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டிய நஷ்டஈடு கேஸில் இழுபடும். கடைசியில் அது மாமாவின் போட்டை விற்கிற அளவுக்கு வந்து நிற்கலாம்.

இல்லை, எஸ்டீமைத்தான் கட்டுவேன் என்றால், ரேஸ் டிராக்குக்காக மட்டும் கட்டட்டும். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் 1990-லிருந்து டிராக் இருக்கிறது. கோவை செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. வாங்கும் முன் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கணும். ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் காட்டினால் அந்த இன்ஜின் வேண்டாம். கடலோர வண்டியென்றால் அடியில் படுத்து, தரைத்தகடும் சஸ்பென்ஷன் மாட்டுகிற இடங்களும் துருப்பிடித்திருக்கிறதா என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்கணும். குத்தினது உள்ளே போனால், பேரம் பேசாமல் எழுந்து வந்துவிடலாம்.