கூண்டில் நிற்பவரின் வக்கீலுக்கு ஓட்டுப் போடும் ஊர்

2001-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஜெஃப் அடாச்சி என்ற வக்கீலுக்கு வேலை போயிற்று. பத்தாண்டுக்கு மேல் ஒரே அலுவலகத்தில் வாதாடித் தலைமை வக்கீலாக உயர்ந்தவர். மேயர் வில்லி பிரவுன் அந்த அலுவலகத்துக்கு கிமிகோ பர்ட்டனைத் தலைவராக நியமித்தார். அவருடைய தந்தை ஜான் பர்ட்டன் அப்போது மாநில செனட்டின் தலைவர். புதிய தலைவர் வந்தார், அடாச்சி வெளியேற்றப்பட்டார். வேறொருவராக இருந்தால் தனியாகத் தொழில் நடத்தப் போயிருப்பார். அடாச்சி அதே நாற்காலிக்குத் தேர்தலில் நின்றார்.

அது என்ன நாற்காலி? நம் ஊரில் அரசு வக்கீல் என்றால் போலீஸ் தரப்புக்காக வாதாடுபவர். இது அதற்கு நேர் எதிர். வக்கீல் வைக்க வசதியில்லாதவர் கூண்டில் நிற்கும்போது, அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு அரசாங்கத்தையே எதிர்த்து வாதாடும் பதவி.

ஏழைக்கு வக்கீல் என்ற இந்த உரிமை நாடு முழுவதற்கும் உறுதியானது ஒரு வழக்கால். 1961-இல் ஃபுளோரிடாவில், ஒரு பூல் விளையாட்டு விடுதியில் திருடியதாகப் பிடிபட்ட கிளாரன்ஸ் கிடியோன் தனக்கு வக்கீல் வேண்டும் என்று கேட்டார்; கிடைக்கவில்லை. சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஏழைக்கு அரசு செலவில் வக்கீல் தந்தே ஆகவேண்டும் என்று 1963-இல் தீர்ப்பு வந்தது. மறுவிசாரணையில் வக்கீலோடு வந்த கிடியோன் விடுதலையானார்.

அமெரிக்காவின் பெரும்பாலான இடங்களில் இந்தப் பதவி நியமனப் பதவிதான். ஃபுளோரிடா, டென்னசி, நெப்ராஸ்காவின் சில கவுண்டிகள், கலிஃபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ மட்டும் என்று சில இடங்களில்தான் மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவில் 1921 முதல் இந்த வழக்கம். முதலில் அந்த நாற்காலியில் உட்கார்ந்த ஃபிராங்க் ஈகன், 1932-இல் கொலை வழக்கில் தண்டனை பெற்றுச் சிறைக்குப் போனார் என்பது ஊர் மறக்க விரும்பும் கதை.

2002 மார்ச் தேர்தலில் மேயரின் ஆதரவும் செனட் தலைவரின் செல்வாக்கும் ஒரு பக்கம். மறுபக்கம் அடாச்சி சொல்லிக்கொள்ள இருந்தது நீதிமன்ற அனுபவம். அவர் ஜப்பானிய வம்சாவளியினர்; இரண்டாம் உலகப் போரின்போது அவருடைய பெற்றோரைக் குற்றம் எதுவுமின்றி அரசு முகாமில் அடைத்திருந்தது. அவர் ஜெயித்தார், 2019 பிப்ரவரியில் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார்.

மேயருக்குப் பயப்பட வேண்டாத நிலை இந்தப் பதவிக்கு என்ன தரும் என்பது 2011-இல் தெரிந்தது. ஏழைகள் தங்கும் மலிவு விடுதிகளின் கண்காணிப்பு கேமரா காட்சிகளை அடாச்சி பத்திரிகையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார். அறைக்காரரின் சம்மதத்தோடு நுழைந்ததாக போலீஸ் அறிக்கை சொல்கிறது. படம் வேறு கதை சொல்கிறது. வரிசையாகப் பல வழக்குகள் கைவிடப்பட்டன. 2014-இல் மத்திய நீதிமன்றம் இரண்டு போலீஸ்காரர்களைக் குற்றவாளிகள் என்றது. நியமிக்கப்பட்டு வந்த ஒருவர் இந்த அளவு துணிந்திருப்பாரா என்பது சந்தேகம்தான். காட்சிகளைக் காட்டிய அதே 2011-இல் மேயர் பதவிக்கும் நின்று தோற்றார் அடாச்சி. அந்த ஆசை தேவையற்றது என்று அவர்மீது மதிப்பு வைத்திருந்தவர்களே நினைத்திருக்கலாம்.

ஆனால் ஓட்டு இரண்டு பக்கமும் வெட்டும். ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் 2008-இல் மேட் ஷெர்க் இதே பதவிக்கு நின்றபோது போலீஸ் சங்கம் அவரை ஆதரித்தது. குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலுக்குப் போலீஸ் சங்கத்தின் ஆதரவு! ஜெயித்ததும் மூத்த வக்கீல்கள் பலரை வீட்டுக்கு அனுப்பினார். செய்யாத கொலைக்காக மாட்டிய 15 வயதுப் பையனைக் காப்பாற்றி, ஆஸ்கர் வாங்கிய ‘மர்டர் ஆன் எ சண்டே மார்னிங்’ ஆவணப்படத்தில் வரும் வக்கீல்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பெருங்குற்றத்தில் தண்டனை பெற்றவர்களுக்கு அப்போது ஃபுளோரிடாவில் தண்டனை முடிந்த பிறகும் ஓட்டுரிமை தானாகத் திரும்பாது. 2018-இல்தான் மக்கள் வாக்களித்து அந்த விதியைத் தளர்த்தினார்கள். இந்தப் பதவியில் இருக்கும் வக்கீலின் வாதத் திறமையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களில் பலரால் அவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பார்க்காதவர்கள் தேர்ந்தெடுத்தார்கள்.

2016 ஆகஸ்ட் இறுதியில் ஜாக்சன்வில்லில் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தல் நடந்தது. முன்னாள் நீதிபதி சார்லி கோஃபரிடம் ஷெர்க் தோற்றார். அதே நாளில், அதே ஊர்க்காரர்களின் ஓட்டில், எதிர்த்தரப்பின் தலைமை அரசு வக்கீல் ஏஞ்சலா கோரியும் தோற்றார்.