புரோட்டா மாஸ்டரிடம் படித்த பேஸ்ட்ரி

மாதா மாதம் என் கணக்கில் ஆயிரம் ரூபாய் ஏறுகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேற்படிப்புக்குப் போகும் பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் பணம். ஃபீஸும் அறை வாடகையும் அப்பா பொறுப்பு. காலையும் இரவும் கூடுவாஞ்சேரி அறையில் நாங்களே பொங்கிக்கொள்கிறோம். ஆக, இந்த ஆயிரமும் வெளியில் சாப்பிட மட்டும். "திங்கறதுக்கு மட்டும் ஆயிரமா?" என்று அம்மா கேட்பாள். நான் படிப்பது பேக்கரி, கன்பெக்‌ஷனரி டிப்ளமோ. நாக்கில் வைத்துப் பார்க்காமல் இந்தத் தொழில் வராது. அம்மாவிடம் சொன்னால், "இப்படி ஒரு படிப்பு எங்க காலத்துல இல்லாமப் போச்சே" என்கிறாள்.

வகுப்பில் நாள் முழுக்க வெண்ணெயோடுதான் புழக்கம். உப்பில்லாத வெண்ணெய் ஒரு கிலோ வாங்கினால் என் மாதப் பணத்தில் பாதிக்கு மேல் காலி. அதை வெட்டி, தட்டி, உருட்டி, அடுப்பில் வைத்துவிட்டு மாலை வெளியே வந்தால் பசி காதை அடைக்கும். ஜி.எஸ்.டி. சாலையில் அந்த நேரத்தில் எல்லாக் கல்லும் சூடாகத்தான் இருக்கும். கையிருப்பு குறைவு என்பதால் நான் ஒரு கணக்கு வைத்திருக்கிறேன்: வயிற்றை நிரப்புவதோடு ஏதாவது சொல்லியும் தருகிற கடையில்தான் காசு கொடுப்பது. அந்தக் கணக்கில் முதலிடம் புரோட்டாக் கடைக்கு.

எங்கள் பாடத்தில் கடினமானது குரோசான். பிறை வடிவத்தில், உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் பிரெஞ்சு பன். தட்டையான வெண்ணெய்ப் பலகையை மாவுக்குள் வைத்து மூடி, தேய்த்து, மூன்றாக மடிக்க வேண்டும். ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து மறுபடி தேய்த்து மூன்று. இன்னொரு முறை மூன்று. மும்மூன்று ஒன்பது, ஒன்பதை மூன்றால் பெருக்கினால் இருபத்தேழு அடுக்கு வெண்ணெய். வெண்ணெயில் பதினாறு சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். ஓவன் சூட்டில் அந்தத் தண்ணீரும் மாவின் ஈரமும் ஆவியாகி, அடுக்குகளைப் பிரித்துத் தூக்கும். ஆனால் மடிக்கிற நேரம் முழுக்க வெண்ணெய் ஏறத்தாழ 15 டிகிரியில் இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் உடையும், மேலே போனால் மாவோடு கலந்து பன் ரொட்டியாகிவிடும். மே மாதச் செங்கல்பட்டு வெயிலில் இது நடக்கிற காரியமா? ஏசி போட்ட லேபில்தான் நடக்கும்.

புரோட்டா மாஸ்டருக்கு ஏசி கிடையாது. தலைக்கு மேல் ஒரு ஃபேன், அதுவும் அடுப்பு அணைந்துவிடும் என்று பாதி நேரம் நிறுத்தித்தான் இருக்கும். விருதுநகர்ப் பக்கத்துக்காரர். மைதா, உப்பு, துளி சர்க்கரை, தண்ணீர் சேர்த்து அடித்துப் பிசைந்து, உருண்டை பிடித்து எண்ணெயில் ஊறப் போட்டிருப்பார். உருண்டையைத் தட்டி வீசினால் மேசை அகலத்துக்கு, பின்னால் இருக்கிற பெயர்ப்பலகை தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரியும். அதன் மேல் எண்ணெய் தடவி, சேலைக் கொசுவம் மாதிரி சேர்த்துப் பிடித்து, இழுத்து, சுருட்டி வைப்பார். சுருட்டினது மறுபடி கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும்.

"அப்படியே தட்டிக் கல்லுல போட்டா என்ன மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"போடலாம் பாப்பா. ஓய்வு குடுக்காம தட்டினா மாவு நம்மகிட்ட மல்லுக்கு நிக்கும். தட்டத் தட்டச் சுருங்கும். நீ ஜெயிச்சாலும் புரோட்டா ரப்பராத்தான் இருக்கும்."

குளூட்டன் பற்றி எங்கள் பாடப் புத்தகம் நான்கு பக்கம் எழுதியிருப்பது இதைத்தான். கோதுமைப் புரதம் பிசையப் பிசைய வலை பின்னிக்கொண்டு விறைத்துவிடும், ஓய்வில்தான் தளரும்.

எண்ணெய்க்கு இறுகவும் தெரியாது, உடையவும் தெரியாது. எந்த வெயிலிலும் ஒரே மாதிரி இருக்கும். அதனால்தான் குளிர்ச்சி தேவைப்படும் வேலையை இவர் குளிர்ச்சியே இல்லாமல் முடிக்கிறார். ஆனால் எண்ணெயில் தண்ணீரும் இல்லை. அடுக்குகளைப் பிரிக்க மாவின் ஈரம் மட்டும் போதாது. அந்தக் குறையைக் கைகள் தீர்க்கின்றன: கல்லிலிருந்து எடுத்த நாலைந்து புரோட்டாவை அடுக்கி, இரு பக்கமும் உள்ளங்கையால் அடித்து நொறுக்குகிறாரே, அது. இதை ஒருநாள் வகுப்பில் சொன்னேன். ஆசிரியர் சிரித்துவிட்டு, "பரீட்சைல எழுதாதே, ஆனா மறக்காதே" என்றார்.

அடுத்தது முட்டை பஃப்ஸ். குரோசானுக்கு ஈஸ்ட் சேர்ப்பார்கள், இதற்கு இல்லை. அடுக்கு வேலை மட்டும் அதேதான். நம் ஊர் பேக்கரிகளில் பெரும்பாலும் வெண்ணெய்க்குப் பதில் பஃப் மார்ஜரின். வெண்ணெய் 32 டிகிரி தாண்டினாலே இளகிவிடும். உடம்புச் சூடு 37 என்பதால் வாயில் கரைந்து போய்விடும். பஃப்ஸுக்கான மார்ஜரினை 37 டிகிரிக்கு மேல்தான் முழுசாக உருகும்படி செய்திருப்பார்கள். பேக்கரிக்காரருக்கு வேலை சுலபம். சாப்பிடுகிறவருக்கு மேலண்ணத்தில் மெழுகு பூசின மாதிரி ஒரு படலம் நிற்கும். டீ குடித்துத்தான் அதைக் கரைக்க வேண்டும். பஃப்ஸுக்கும் டீக்கும் உள்ள உறவுக்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் சொந்த ஆராய்ச்சி. மார்ஜரின், வனஸ்பதி என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கொழுப்பிலும் எண்ணெயிலும் டிரான்ஸ் கொழுப்பு இரண்டு சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரியிலிருந்து நாடு முழுக்க அமலில் இருக்கிறது. அதற்காக நாளுக்கு ஒன்று சாப்பிடலாம் என்று நான் சொன்னதாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் ஊரில் ஜி.எஸ்.டி. என்றால் சாலை. பேக்கரிக்காரர்களுக்குத்தான் அது வேறு. 2024-ல் கோவையில் ஓர் ஓட்டல் அதிபர் நிதியமைச்சரிடம், பன்னுக்கு வரி இல்லை, கிரீமுக்கு இருக்கிறது, கிரீம் பன்னுக்கு எப்படிக் கணக்கு எழுதுவது என்று கேட்டது ஊரெல்லாம் பேச்சானது. 2025 செப்டம்பர் 22 முதல் கேக், பேஸ்ட்ரி, பிஸ்கட்டுக்கு வரி பதினெட்டிலிருந்து ஐந்து சதவீதமாகவும், வெண்ணெய்க்குப் பன்னிரண்டிலிருந்து ஐந்தாகவும் இறங்கியது. புரோட்டாவுக்கு வரியே இல்லை. நான் வாங்கும் பஃப்ஸின் விலை மட்டும் அசையவே இல்லை.

சர்க்கரைப் பாடத்தை ரயிலில் படித்தேன். தாம்பரம் - செங்கல்பட்டு மின்சார ரயிலில் கடலை மிட்டாய் பாக்கெட் பத்து ரூபாய். பல்லில் ஒட்டாமல் கடக்கென்று உடைந்தால் பாகு சரியான சூட்டுக்குப் போயிருக்கிறது. 150 டிகிரியை ஒட்டி வரும்போது பாகில் தண்ணீர் ஏறக்குறைய தீர்ந்துவிடும், ஆறினால் கண்ணாடி. அதற்குக் கீழே இறக்கினால் ஜவ்வாக இழுக்கும். வகுப்பில் இதற்குத் தெர்மாமீட்டர். என் பாட்டிக்கு ஒரு கிண்ணம் பச்சைத் தண்ணீர்: ஒரு சொட்டுப் பாகை விட்டு, எடுத்துத் தட்டினால் டங்கென்று சத்தம் வர வேண்டும். அதிரசத்துக்கு அந்தச் சொட்டு விரலுக்கு நடுவே மெத்தென்று உருண்டால் போதும், அது 115 டிகிரியை ஒட்டியது. பரீட்சையன்று பேட்டரி தீர்ந்த தெர்மாமீட்டரோடு பக்கத்து மேசைப் பையன் முழித்தபோது நான் பாட்டியின் கிண்ணத்தைத்தான் எடுத்துக் கொடுத்தேன்.

மோல்டு, எசன்ஸ் வாங்கப் பாரிமுனை போகிற நாளில் காலைச் சாப்பாடு அம்மா உணவகத்தில். பார்க் ஸ்டேஷனில் இறங்கினால் அரசுப் பொது மருத்துவமனை வளாகத்திலேயே ஒன்று இருக்கிறது. 2013-ல் ஆரம்பித்தபோது வைத்த விலையே இன்றும்: இட்லி ஒரு ரூபாய், பொங்கல் ஐந்து. பேக்கரி படிக்கிற பெண்ணுக்கு இட்லியில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். புளித்த மாவில் செய்யும் சவர்டோ ரொட்டி இப்போது நகரத்துக் கஃபேக்களில் பெரிய விஷயம். பாக்கெட் ஈஸ்ட் போடாமல், மாவில் தானாக வளரும் நுண்ணுயிர்களை நம்பிச் செய்வது. இட்லி மாவைப் பொங்க வைப்பதும் லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாதான், இராத்திரி தூங்குகிற நேரத்தில். சவர்டோ வகுப்பில் "பாத்திரத்துல பாதிக்கு மேல நிரப்பாதீங்க" என்று சொன்னபோது, ஏன் என்று கேட்கத் தேவைப்படாத ஒரே நாடு நம்முடையதாக இருக்கும்.

நிஜமான வெண்ணெய்க் குரோசான் தின்ன மாமல்லபுரம் போனோம். சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்து கிடைத்தால் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. 2021 மே மாதத்திலிருந்து இந்தச் சலுகை. அதற்காகக் காத்திருந்து, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலை வழியாக மாறி மாறிப் போய்ச் சேர்ந்தோம். வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் தெருவில் ஒரு கஃபே. ஒன்று நூறு ரூபாய்க்கு மேல். நான்கு பேருக்கு ஒன்று வாங்கினோம். கத்தி கேட்டபோது பரிமாறுகிறவர் எங்களை ஒரு மாதிரி பார்த்தார். குறுக்கே வெட்டினால் உள்ளே சின்னதும் பெரியதுமாக அறைகள், சுவர்கள் பேப்பர் கனம், அடியில் பிசுபிசுப்பே இல்லை. ஆளுக்கு இரண்டு வாய். மேலண்ணத்தில் எதுவும் ஒட்டவில்லை. வாங்கினது சரிதான். அடுத்தது வேலைக்குப் போன பிறகு. மீதிப் பசிக்குக் கடற்கரையில் தேங்காய், மாங்காய், பட்டாணி சுண்டல்.

இத்தனைக்கும் ஆயிரம் எப்படிப் போதும் என்றால், போதாது. இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். மிச்ச நாளை ஓட்டுவது கேக் துண்டுகள். கேக்கைச் சதுரமாக்க ஓரங்களை நறுக்கித் தள்ளுவோம். பேக்கரிகள் அதை வீணாக்குவதில்லை: தூளாக்கி, கோகோவும் ஜாமும் சேர்த்து உருட்டி, சாக்லெட் சேமியாவில் புரட்டினால் ரம் பால். பெயரில்தான் ரம், நம் ஊர் பேக்கரியில் எசன்ஸோடு சரி. ஆசிரியரிடம் கேட்டு, எங்கள் வகுப்பு ஓரங்களை நான் வாங்கி வருகிறேன். கேக் வகுப்பு வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை இரவு எங்கள் மாடியில் உருண்டை ஒன்று பத்து ரூபாய், மூன்றாக எடுத்தால் இருபத்தைந்து. கீழ்வீட்டு ஆன்ட்டிக்கு மட்டும் கடன் உண்டு. மிக்ஸி அவர்களுடையது.