நாடிக் கருவியும் மின் குறுக்கீடும்

மிதிவண்டியின் கைப்பிடியில் ஒரு சிறு பெட்டி. ஓட்டுபவர் மார்பில் ஒரு வார். இரண்டையும் இணைக்கும் கம்பி இல்லை. ஆயினும் இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது என்பதைப் பெட்டி காட்டுகிறது. பின்லாந்து நாட்டின் போலார் நிறுவனம் 1982இல் இத்தகைய கருவியை வெளியிட்டது. உயர் அழுத்த மின்கம்பிகளின் கீழ்ச் செல்லுங்கால், 130 என்றிருந்த எண் 220க்குத் தாவுவதுண்டு. காரணம் யாது?

பழைய முறைக் கருவிகளில், இதயம் துடிக்குந்தோறும் வாரிலுள்ள கம்பிச்சுருள் வினாடிக்கு ஏறத்தாழ 5,000 முறை அதிரும் காந்தப் புலத்தை ஒரு கணம் எழுப்பும். பெட்டியிலுள்ள சுருள் அதை உணர்ந்து 'ஒன்று' என எண்ணும். தொலைவு இரட்டித்தால் இப்புலத்தின் வலிமை எட்டில் ஒரு பங்காகிவிடும். ஆதலின் இது சுமார் ஒரு மீட்டருக்குள்தான் பயன்படும். இவ்வளவு மெல்லிய குறியைப் பிடிக்கும் பெட்டி பிற ஓசைகளையும் எளிதிற் பிடித்துவிடுகிறது.

வகுப்பில் "உள்ளேன் ஐயா" என்ற குரல் யாருடையது என்று பாராமல் ஆசிரியர் வருகையைக் குறித்தால் என்னாகும்? இங்கு நிகழ்வதும் அதுவே. குறியில் அனுப்பியவர் பெயர் இல்லை. மின்கம்பியின் அலைவு வினாடிக்கு 50தான். ஆனால் அதன் பன்மடங்கு அலைவுகளும் உடன் வருகின்றன. எல்.இ.டி. விளக்குகள் பலவற்றின் உள்ளுறுப்பு மின்னோட்டத்தை வினாடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டித் தருகிறது. அருகில் வருபவரின் மார்பு வாரும் தன் பங்குக்குக் குறி அனுப்பும். சக்கர வேகத்தைக் கம்பியின்றி அறியும் பெட்டிக்கும் இத்தொல்லை உண்டு: விளக்கை ஏற்றியதும், நிற்கும் வண்டி ஓடுவதாகக் காட்டக்கூடும். விளக்கை ஒரு சாண் தள்ளி மாட்டினால் பெரும்பாலும் தீரும்.

பிற்காலக் கருவிகள் வினாடிக்கு 240 கோடி அதிர்வுள்ள வானொலி அலையில், அடையாள எண்ணையும் சேர்த்து அனுப்புகின்றன. எண் பொருந்தாவிடில் பெட்டி ஏற்பதில்லை. அவ்வலைவரிசையில் வைஃபை நெரிசல் உண்டு. நீர் மிகுந்த நம் உடலும் அவ்வலையை விழுங்கும். அப்போது எண் மறையுமேயன்றிப் பொய்யெண் தோன்றுதல் அரிது. எனினும் வார் உலர்ந்திருந்தால், காற்றில் படபடக்கும் சட்டை எழுப்பும் மின்னூட்டமே புதிய கருவியையும் ஏமாற்றிவிடும். வாரை நனைத்துக் கட்டுதல் நன்று.

இதயத்துடிப்பு இன்ன அளவைத் தாண்டலாகாது என மருத்துவர் வரையறுத்துள்ளோர்க்கு இது விளையாட்டன்று. எண் திடீரென உயர்ந்தால் வண்டியை நிறுத்தி, மணிக்கட்டில் நாடியை 15 வினாடி எண்ணி நான்கால் பெருக்குக. இரண்டும் ஒத்திருந்தால் மின்கம்பியின் மேற் பழியில்லை, மருத்துவரைக் காண்க.