பள்ளிவாசல் கணினியை மாற்றும் முன் அதன் ஹார்ட் டிஸ்க்கை மாற்றிப் பாருங்கள்

நிர்வாக சபைக் கூட்டங்களில் அண்மைக்காலமாக அடிக்கடி நிறைவேறும் தீர்மானம் ஒன்று உண்டு. "ஒபிஸ் கம்பியூட்டர் சரியான ஸ்லோ. புதுசு ஒன்று எடுக்கணும்." இதை யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை. காலையில் பட்டனை அழுத்திவிட்டு, தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பதை எல்லோரும் கண்டிருக்கிறார்கள். பிறகு மூன்று கடைகளில் விலை கேட்கப்படும். கட்டாரிலோ சவூதியிலோ இருக்கும் ஒரு சகோதரருக்குத் தகவல் போகும். புதிய கணினி வரும், பழையது களஞ்சிய அறைக்கோ பழைய இரும்புக்கோ போகும்.

இந்தத் தீர்மானங்களில் பெரும்பாலானவை தேவையற்றவை என்பது எனது அபிப்பிராயம். திருகோணமலை ஓர்ஸ் ஹில்லில் ஒரு சிறிய அறையில் கணினி திருத்துவது எனது தொழில். நகரிலிருந்தும், கிண்ணியாவிலிருந்து பாலம் கடந்தும், மூதூர், தோப்பூர் பக்கமிருந்தும் முச்சக்கர வண்டியில் மேசைக் கணினிகள் வந்து சேரும். பள்ளிவாசல், மத்ரஸா, பாலர் பாடசாலை, ஹார்ட்வெயார் கடை என்று எங்கிருந்து வந்தாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான்: பத்து வருடப் பழைமையான இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். 2022 மார்ச் ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐ எட்டியபோது புதிய கணினி வாங்கும் யோசனையைப் பலர் ஒத்திவைத்தார்கள். அப்படி ஒத்திவைக்கப்பட்ட கணினிகள்தான் இப்போது ஒவ்வொன்றாக "செத்துப்போய்விட்டது" என்ற முறைப்பாட்டுடன் வருகின்றன.

உண்மையில் அவை சாகவில்லை. கடிதம் தட்டச்சு செய்யவும், சந்தாக் கணக்குப் பார்க்கவும், சூம் வகுப்பு நடத்தவும் அந்த ஐ3 இன்னும் போதும். தடை ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. ஏன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டால் கடைக்காரர் சொல்வதில் எதை நம்பலாம் என்பதும் விளங்கிவிடும்.

ஹார்ட் டிஸ்க் என்பது ஓர் இயந்திரம். உள்ளே காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 7,200 தடவை சுற்றுகிறது. அதன் மேல் ஒரு மெல்லிய கை அங்குமிங்கும் நகர்ந்து எழுத்தை வாசிக்கிறது. ஐபிஎம் நிறுவனம் 1956 இல் முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்ட நாளிலிருந்து அடிப்படை இதுதான். ஒரு கோப்பு வேண்டும் என்றால் கை உரிய தடத்துக்கு நகர வேண்டும், பிறகு தட்டு சுற்றி உரிய இடம் கைக்குக் கீழே வரும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டும் சேர்த்து சராசரியாக ஒரு செக்கனில் ஆயிரத்தில் 12 பங்கு எடுக்கும். அற்ப நேரம் போலத் தெரியும். ஆனால் அப்படிப் பார்த்தால் ஒரு செக்கனுக்கு எண்பது தடவைக்கு மேல் அந்தக் கையால் போய்வர முடியாது. விண்டோஸ் திறக்கும்போது தேவைப்படுவது ஒரு பெரிய கோப்பு அல்ல, தட்டு முழுவதும் சிதறிக் கிடக்கும் பல்லாயிரம் சிறு துண்டுகள். ஆயிரம் சாமான்கள் கொண்ட பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சாமானுக்கும் தனித்தனியாகப் பின்கட்டுக் களஞ்சியத்துக்கு நடந்து போய்வரும் கடைப் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் சோம்பேறி அல்ல, நடைதான் அதிகம்.

கணக்குப் போட்டால், ஒரு தடவைக்கு 4 கேபி என்று வைத்தால் எண்பது தடவைக்குச் செக்கனுக்கு வெறும் 320 கேபி. பெட்டியில் "செக்கனுக்கு 150 எம்பி" என்று போட்டிருப்பது பெரிய வீடியோ ஒன்றை ஒரே நேராகப் பிரதி எடுக்கும்போது மட்டும் கிடைக்கும் வேகம்.

எஸ்.எஸ்.டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் கையும் இல்லை. பென் டிரைவில் உள்ளது போன்ற சிப்கள்தான், ஆனால் தரமும் அவற்றை நிர்வகிக்கும் முறையும் வேறு. எந்த மூலையில் உள்ள துண்டையும் ஏறக்குறைய ஒரே நேரத்தில், ஹார்ட் டிஸ்க்கை விட நூறு மடங்கு குறைவான தாமதத்தில் எடுத்துக் கொடுக்கும். போன மாதம் ஒரு நூலகக் கணினிக்கு இதை மாற்றினேன். பட்டனை அழுத்தியதிலிருந்து கோப்பைத் திறக்கும் நிலை வரை முன்பு நான்கு நிமிடத்துக்கு மேல் போனது, இப்போது அரை நிமிடம் போதும். புதிய கணினி மூன்று வாங்கத் தீர்மானித்திருந்தவர்கள் அவர்கள்.

"உங்கட போர்ட் பழசு, எஸ்.எஸ்.டி போட்டும் பிரயோசனமில்லை" என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம். பழைய சாட்டா இணைப்பில் உச்ச வேகம் பாதியாகக் குறையும் என்பது உண்மை. ஆனால் நமக்கு வேண்டியது உச்ச வேகம் அல்ல, அந்த நடையை இல்லாமல் செய்வது. அது எந்தப் பழைய போர்டிலும் கிடைக்கும். வாங்கும்போது 2.5 அங்குல சாட்டா வகை என்று கேட்டு வாங்குங்கள். சூயிங்கம் பட்டை போலிருக்கும் எம்.2 வகையைச் செருக இந்தக் கணினிகளில் பெரும்பாலும் இடமில்லை. 240 அல்லது 256 ஜிபி தாராளமாகப் போதும். 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து மெமரி சிப்களின் விலை உலகெங்கும் ஏறியதால் எஸ்.எஸ்.டியும் முன்பு போல மலிவு இல்லை. ஆனாலும் அது புதிய கணினியின் விலையில் ஒரு சிறு பகுதிதான். இணையத்தில் நம்ப முடியாத மலிவு விலையில் "2 டிபி எஸ்.எஸ்.டி" என்று வருபவற்றைத் தொடவே வேண்டாம். பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு மெமரி கார்ட்டை ஒட்டி வைத்திருப்பார்கள்.

மாற்றும் வேலை கடினமல்ல. கவனம் வேண்டிய இடம் பழைய டிஸ்க்கில் இருப்பதை வெளியே எடுப்பது. டொக்கியுமென்ட்ஸ், டெஸ்க்டொப் இரண்டையும் எல்லோரும் எடுப்பார்கள். மறந்துபோவது வேறு: கணக்கு மென்பொருளின் தரவுக் கோப்பு, உலாவியில் சேமித்த கடவுச்சொற்கள், பிறகு பாமினி எழுத்துரு. இருபது வருடக் கடிதங்களும் கூட்டறிக்கைகளும் பாமினியில்தானே இருக்கின்றன? எழுத்துருவை விட்டுவிட்டு வந்தால் அவை அத்தனையும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் திறக்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களை எனக்குத் தெரியும்.

விண்டோஸைப் புதிதாகப் பதிவதையே நான் விரும்புகிறேன். பழையதை அப்படியே பிரதி எடுத்தால் பத்து வருடக் குப்பையும் வைரஸும் கூடவே வரும். முறையாக உரிமம் பெற்ற விண்டோஸ் 10 என்றால் அந்த உரிமம் மதர்போர்டுடன் பிணைந்தது, டிஸ்க் மாறியதால் போகாது. பதியும்போது பழைய ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் தன்னைத் திறக்கும் பகுதியைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடக்கூடும். பிறகு ஒரு நாள் அதைக் கழற்றினால் கணினி எழும்பாது. எஸ்.எஸ்.டியை இறுக்கப் பிரத்தியேகச் சட்டம் இல்லையே என்று கவலைப்படவும் வேண்டாம். அசையும் பாகம் எதுவும் இல்லாததால் இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டினாலும் போதும்.

இனிச் சொல்லப்போவதுதான் நான் இதை எழுதக் காரணம். எஸ்.எஸ்.டி வேகமானது, ஆனால் பாதுகாப்புப் பெட்டகம் அல்ல.

தேய்ந்துபோகும் என்ற பயம் பெரும்பாலும் வீண். பரவலாக விற்ற ஒரு 240 ஜிபி மாடலுக்கு நிறுவனம் சொல்லும் எழுதும் அளவு 80 டெராபைட். நாளுக்கு 10 ஜிபி எழுதினாலும் இருபது வருடம் தாண்டும். பிரச்சினை வேறு. ஹார்ட் டிஸ்க் பழுதாகும்போது கடகடவென்று சத்தம் போடும், இழுபடும், பல சமயம் நமக்குச் சில நாள் அவகாசம் தரும். எஸ்.எஸ்.டி போனால் ஒரு காலையில் சொல்லாமல் போய்விடும். 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு புகுந்து நாடே இருண்டதே, அப்படித் திடீரென்று மின்சாரம் நிற்பதும் எஸ்.எஸ்.டிக்கு நல்லதல்ல. ஒரு யூ.பி.எஸ் இருக்கட்டும். இன்னொன்று: ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பைப் பெரும்பாலும் மீட்டுக் கொடுத்துவிடலாம். அழித்தாலும் அந்த இடத்தில் வேறொன்று எழுதப்படும் வரை எழுத்து அங்கேயே கிடக்கும். எஸ்.எஸ்.டியில் அழித்தவுடன் விண்டோஸ் அதற்குத் தகவல் கொடுக்கும், அது அந்த இடத்தைத் துடைத்துவிடும். அதன்பின் யாரிடம் கொண்டுபோனாலும் கிடைப்பது அரிது.

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்க்கில் என்ன இருக்கிறது என்று யோசியுங்கள். ஸகாத் பெறுபவர்களின் பெயர்ப் பட்டியல், யார் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கு, விதவைகளின் அடையாள அட்டைப் பிரதிகள், ஒரு குடும்பத்தின் பிணக்கைத் தீர்க்கக் கூடியபோது எழுதிய குறிப்புகள். இவை ஊர் மக்கள் நம்பிக் கொடுத்த அமானிதம். அந்த டிஸ்க்கை இரும்புக் கடையில் போட்டால், அல்லது மேலோட்டமாக போமட் செய்து விற்றால், வாங்குபவர் இலவச மென்பொருள் ஒன்றால் அரை நாளில் எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிடலாம். கொடுக்கத்தான் வேண்டும் என்றால் போமட் செய்யும்போது குயிக் என்ற இடத்திலுள்ள சரி அடையாளத்தை எடுத்துவிட்டு முழுதாகச் செய்யுங்கள். சில மணி நேரம் ஆகும், ஆனால் டிஸ்க் முழுவதும் பூச்சியத்தால் நிரப்பப்படும்.

என்னைக் கேட்டால் விற்கவே வேண்டாம். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளால் அதன் உடல்நிலையைப் பாருங்கள். "குட்" என்று காட்டினால் நூறு ரூபாய்த் தாளைப் போல் பத்திரப்படுத்த வேண்டிய பொருள் அது. ஒரு யூ.எஸ்.பி உறையில் போட்டு, வாரம் ஒரு முறை பிரதி எடுத்து, வேறொரு கட்டடத்தில் பூட்டி வைக்கலாம். வருடக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் அலுமாரியில் கிடப்பதை எஸ்.எஸ்.டியை விட ஹார்ட் டிஸ்க் நன்றாகத் தாங்கும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் அதில் எதையும் நம்பி வைக்காதீர்கள்.

விண்டோஸ் 10 பற்றியும் சொல்லியாக வேண்டும். அதற்கான இலவசப் பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் நிறுத்திவிட்டது. விரும்பிப் பதிந்துகொள்ளும் தனிப்பட்ட பாவனையாளர்களுக்கு 2026 ஒக்டோபர் வரை நீட்டிப்பு அறிவிக்கப்பட்டது. இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய கணினிகளை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. எஸ்.எஸ்.டியால் இதை மாற்ற முடியாது. கடிதமும் கணக்கும் மட்டும் பார்க்கும் கணினிக்கு லினக்ஸ் மின்ட் போடலாம். இலவசம், லிப்ரே ஒபிஸ் கூடவே வரும், பாமினி எழுத்துருவையும் அதில் பதியலாம். பழகப் பத்து நாள் ஆகும், முணுமுணுப்பும் இருக்கும். கிராக் செய்த விண்டோஸ் 11 ஐப் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். அதன் மார்க்கத் தீர்ப்பை உலமாக்கள் சொல்லட்டும். நான் கண்டது, அப்படி வரும் பிரதிகளில் பல கதவைத் திறந்துவைத்துக்கொண்டே வருகின்றன.

ஆகவே அடுத்த கூட்டத்தில் கணினி விடயம் வந்தால், விலை கேட்கும் முன் டிஸ்க்கைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள், 4 ஜிபி ரேமை எட்டாக்க முடியுமா என்றும் கேளுங்கள். எஸ்.எஸ்.டி போடுவதாக முடிவானால் கூட்டறிக்கையில் இன்னும் இரண்டு வரி சேரட்டும்: பழைய டிஸ்க் யார் பொறுப்பில் இருக்கிறது, வாராந்தப் பிரதியை எடுப்பவர் யார்.